பின்னோக்கித் திரும்பும் எலக்ட்ரானும் அணுக்கருவின் காந்தமும்

(கயத்தாற்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பெற்றது.)



1799 அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இம்மண்ணில் நடைபெறும் சொற்பொழிவு வரலாற்றைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ அமைவதுதான் பொருத்தம் என்று உங்களில் பலர் நினைத்திருக்கக்கூடும். ஆயினும், பௌதிகத்தில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைத் தமிழிலேயே, சூத்திரங்களை இயன்றவரை தவிர்த்து, விளக்கிச் சொல்லவேண்டும் என்று அறக்கட்டளையினர் விரும்பியபோது, இம்மாவட்டத்துப் பெருங்குளத்தில் பிறந்த பெ. நா. அப்புசாமி தம் வாழ்நாள் முழுவதும் செய்துவந்த பணியும் அதுதானே என்ற எண்ணம் எனக்குத் தைரியம் தந்தது.

இவ்வூரைச் சுற்றிலும் காற்றாலைகள் நிற்கின்றன. காற்றாலைகளைச் சோதித்துத் தரம் காணும் தேசிய நிலையமும் இங்கேயே இருக்கிறது. அவற்றின் உச்சியில் காந்தப்புலம் சுழல்வதால் மின்சாரம் பிறக்கிறது. மறுதலையாக, மின்னோட்டம் வட்டமிட்டால் காந்தம் பிறக்கிறது. இந்த இரட்டை உறவு அணுவின் மையத்திலுள்ள கருவுக்குள்ளும் செல்லுபடியாகும். அந்த அணுக்கருவின் காந்தத்தைக் கிளறிவிட்டு, அது கிளர்ச்சியுறும் விதத்தை எலக்ட்ரானைக் கொண்டு அளப்பதுதான் இன்றைய பொருள். நான் நிலைநாட்ட விரும்புவது ஒன்றே: அணுக்கருவின் காந்தம், அதனுள் அடங்கிய துகள்களின் காந்தங்களைக் கூட்டிப் பெறும் தொகை அன்று; கூட்டலுக்கும் அளவீட்டுக்கும் இடையே விழுகிற வித்தியாசத்தில்தான் அந்தத் துகள்கள் தமக்குள் நடத்தும் கொடுக்கல் வாங்கல் வெளிப்படுகிறது; அதை மயக்கமின்றி வெளிப்படுத்துவதில் பின்னோக்கித் திரும்பும் எலக்ட்ரானுக்கு நிகரான சாதனம் வேறில்லை.

1. முதலில் காந்தம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம்.

அணுக்கருவில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் இருக்கின்றன. மின்னூட்டமுள்ள புரோட்டான் கருவுக்குள் சுற்றி ஓடுவதால் ஒரு காந்தம் உண்டாகிறது. இது தவிர இருவகைத் துகள்களுக்கும் தற்சுழற்சி என்ற இயல்பு உண்டு. அதனாலும் காந்தம் உண்டாகிறது. புரோட்டான் உள்ளமைப்பு ஏதுமற்ற வெறும் புள்ளியாக இருந்திருந்தால் அதன் காந்தத் திருப்புதிறன் அணுக்கரு மேக்னெட்டான் என்னும் அலகில் ஒன்றாக இருந்திருக்கும். 1933-இல் ஹாம்பர்கில் ஓட்டோ ஸ்டெர்னும் அவருடைய கூட்டாளிகளும் அளந்து பார்த்தபோது அது இரண்டுக்கும் மேற்பட்டிருக்கக் கண்டார்கள். இன்றைய மதிப்பு 2.793. மின்னூட்டமே இல்லாத நியூட்ரானுக்குக் காந்தமே இருக்கக்கூடாது என்றுதான் எவரும் எண்ணுவர், அதற்கோ 1.913 என்ற மதிப்பு, அதுவும் எதிர்க்குறியோடு இருக்கிறது. ஆகவே தனித்து நிற்கும் துகளின் காந்தமே எளிய கணக்குக்கு அடங்காத ஒன்று என்பதை ஆரம்பத்திலேயே மனத்தில் கொள்ளவேண்டும்.

காந்தத்தைப் பற்றிப் பேசுகையில் நம் பக்கத்து மனிதர் ஒருவரை விட்டுவிட மனம் வரவில்லை. 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், ராமனோடு செய்த ஆராய்ச்சிக்குப் பின்பு, டாக்காவிலும் கல்கத்தாவிலும் இருந்து படிகங்களின் காந்தம் திசைக்குத் திசை வேறுபடுவதை மிக எளிய கருவிகளைக் கொண்டு நுட்பமாக அளந்தவர். அவர் அளந்தது அணுவின் புறத்தே உள்ள எலக்ட்ரான்களின் காந்தம். அணுக்கருவின் காந்தம் அதில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். படிகத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு அதனை அறிய முடியாது. கருவுக்குள்ளேயே ஒரு தூதனை அனுப்பவேண்டும்.

2. அந்தத் தூதன் ஏன் எலக்ட்ரானாக இருக்கவேண்டும்?

புரோட்டானையே எறிந்து பார்க்கலாம், எறிந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் புரோட்டானுக்கும் கருவுக்கும் இடையே இயங்கும் வலுவிசையை நாம் முழுதும் அறியமாட்டோம்; அறியாத விசையைக் கொண்டு அறியாத பொருளை ஆராய்ந்தால், கிடைத்த விடையில் எது விசைக்கு உரியது, எது பொருளுக்கு உரியது என்று பிரித்துச் சொல்வது கடினம். எலக்ட்ரானோ வலுவிசைக்கு அப்பாற்பட்டது. அது கருவோடு கொள்ளும் சம்பந்தம் ஏறக்குறைய முற்றும் மின்காந்த சம்பந்தமே. அந்த விசையின் சித்தாந்தமோ பௌதிகத்தில் நாம் மிகத் துல்லியமாக அறிந்திருப்பது. அன்றியும் அவ்விசை மென்மையானது ஆகையால், அளக்கப்படும் பொருளை அளத்தல் என்னும் செயலே குலைத்துவிடுவதில்லை.

ஒளித்துகளை, அதாவது ஃபோட்டானை, எறிந்தாலும் இந்த நன்மைகள் உண்டே என்று கேட்கலாம். ஆனால் ஃபோட்டானின் ஆற்றல் இன்னதென்று வகுத்தால் அதன் உந்தமும் அப்போதே வகுக்கப்பட்டுவிடுகிறது. எலக்ட்ரானுக்கு அந்தக் கட்டு இல்லை. கருவுக்கு அது கொடுக்கும் ஆற்றலை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, கொடுக்கும் உந்தத்தை மட்டும், கற்றையின் ஆற்றலையும் சிதறும் கோணத்தையும் மாற்றி, கூட்டலாம் குறைக்கலாம். உந்த மாற்றம் சிறிதாயின் கருவின் முழு உருவம் ஒரு மொத்தமாகத் தெரியும். பெரிதாயின் உள்விவரம் தெரியும். 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (இனி மி.எ.வோ.) ஆற்றலுள்ள எலக்ட்ரான் முற்றும் பின்னோக்கித் திரும்பும்போது, ஒரு ஃபெர்மி என்னும் நீளத்தை, அதாவது மீட்டரில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கை, ஆராயும் தகுதி அதற்கு வந்துவிடுகிறது.

தூத்துக்குடிக் கரையில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இச்சபையில் இருக்கலாம். அக்கரையில் முத்துகளைத் தரம் பிரிக்க, துளைகளின் அளவு படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும் பித்தளைச் சல்லடைத் தட்டுகளை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் எவ்வளவு தங்கியது என்ற கணக்கு கையில் இருந்தால், குவியலைக் கண்ணால் காணாதவனும் அதன் தன்மையைச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு உந்த மாற்றமும் அத்தகைய ஒரு தட்டு. ஒரே கிளர்ச்சியைப் பல உந்த மாற்றங்களில் அளந்து பெறும் அட்டவணையை உருவக் காரணி என்று வழங்குகிறோம். கருவின் எந்தப் பகுதியில் காந்தம் கிளர்ந்தது என்பதை அவ்வட்டவணையிலிருந்து மீட்டெடுக்கலாம்.

இம்முறையில் கருக்களின் மின்னூட்டப் பரவலை அளந்ததற்காக ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ராபர்ட் ஹாஃப்ஸ்டாடர் 1961-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அவர் பெரும்பாலும் அளந்தது மின்னூட்டத்தையே. காந்தத்தை அளக்க வேறொரு சூட்சுமம் வேண்டியிருந்தது.

3. அந்தச் சூட்சுமம் திசையில் இருக்கிறது.

எலக்ட்ரான் கருவை நெருங்கும்போது கருவின் மின்னூட்டமும் அதைச் சிதறடிக்கிறது. கருவினுள் ஓடும் மின்னோட்டங்களும் தற்சுழற்சிக் காந்தங்களும் அதைச் சிதறடிக்கின்றன. சாதாரணக் கோணங்களில் முன்னது மிகப் பெரிது. பின்னது அதில் மூழ்கிவிடும். ஆனால் ஒளியின் வேகத்தை ஒட்டிச் செல்லும் எலக்ட்ரானுக்கு ஒரு நியமம் உண்டு: அதன் தற்சுழற்சி, பயணத் திசையோடு கொண்டிருக்கும் உறவை மின்காந்த விசை மாற்றுவதில்லை. முன்நோக்கிய தற்சுழற்சியோடு வந்த எலக்ட்ரான், சிதறிய பின்னும் தான் செல்லும் திசையை நோக்கிய தற்சுழற்சியோடுதான் செல்லவேண்டும். அப்படியானால், வந்த வழியே நேர் எதிராக, 180 பாகையில் திரும்புகிற எலக்ட்ரானின் கதி என்ன? திசை புரண்டுவிட்டது, ஆகவே தற்சுழற்சியும் புரண்டாகவேண்டும். அது புரள்வதென்றால், அந்த அச்சைச் சுற்றிய ஓர் அலகு கோண உந்தத்தைக் கரு ஏற்றுக்கொள்ளவேண்டும். மின்னூட்டமோ எலக்ட்ரானைக் கோட்டின் வழியே தள்ளவும் இழுக்கவும் வல்லதேயன்றி, அக்கோட்டைச் சுற்றித் திருகும் வல்லமை அதற்கு இல்லை. திருக வல்லவை குறுக்காக இயங்கும் மின்னோட்டமும் காந்தமுமே. எனவே 180 பாகையில் மின்னூட்டச் சிதறல் தானே அற்றுப்போகிறது; எஞ்சுவது நாம் தேடுவது.

தர்க்கம் இவ்வளவு தெளிவாக இருந்தும் அதை நடைமுறையில் கொண்டுவருவது அத்தனை சுலபமன்று. கற்றை வரும் வழியிலேயே அளவியையும் வைத்தால் கற்றை அளவியின்மீது மோதும்! இதற்கு ஒரு யுக்தி கண்டார்கள். இலக்குக்கு முன்பாக ஒரு காந்தத்தை வைத்து, அதன் வழியே வளைத்துக் கற்றையை இலக்குக்கு அனுப்புவது. திரும்பிவரும் எலக்ட்ரான்கள் அதே காந்தத்துக்குள் எதிர்த்திசையில் நுழைவதால் வேறு பக்கமாக வளைந்து, வரும் கற்றையிலிருந்து பிரிந்து, அளவியைச் சென்றடைகின்றன. ஸ்டான்ஃபோர்டில் பார்பரும் பீட்டர்சனும் 1960-களின் தொடக்கத்தில் இப்படி ஓர் அமைப்பைக் கையாண்டார்கள். பின்பு வாஷிங்டன் கடற்படை ஆய்வுக்கூடத்தில் ஃபாக் என்பவர் இந்த மார்க்கத்தில் நெடுநாள் உழைத்தார். காந்த இருமுனைக் கிளர்ச்சிகளைப் பற்றி 1975-இல் அவர் எழுதிய மதிப்புரை இன்றும் புரட்டிப் பார்க்கத்தக்கது. அமெரிக்காவில் பேட்ஸ், ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட், பிரான்சில் சாக்லே முதலிய இடங்களில் இக்கலை முதிர்ச்சி பெற்றது.

இதற்கும் எல்லைகள் உண்டு. எலக்ட்ரானுக்குச் சிறிதாயினும் நிறை உண்டு. அளவியின் வாயிலுக்கு அகலம் உண்டு. சிதறும்போது ஃபோட்டானை உமிழ்ந்து ஆற்றலை இழந்த எலக்ட்ரான்கள் நாம் தேடும் இடத்தில் வந்து குவிந்து திரையிடுவதும் உண்டு. ஈயம் போன்ற கனத்த கருக்களில் இத்தொல்லை பெரிது. குறுக்கு மின்னோட்டத்தால் எழும் மின்வகைக் கிளர்ச்சிகளும் 180 பாகையில் முற்றும் மறைவதில்லை. அவற்றை உருவக் காரணியின் வடிவத்தைக் கொண்டே இனம்பிரிக்கவேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, கிடைத்த பலன்களுக்கு வருகிறேன்.

4. கார்பன்-12 என்ற கருவில் சற்று நெடுநேரம் தங்கவேண்டும்; சென்னையின் சம்பந்தமும் இங்கேதான் வருகிறது.

ஆறு புரோட்டானும் ஆறு நியூட்ரானும் கொண்ட இக்கருவின் இயல்பு நிலையில் தற்சுழற்சிகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் காந்தம் இல்லை. ஆனால் 15.11 மி.எ.வோ. ஆற்றலில் ஒரு கிளர்ச்சி நிலை இருக்கிறது. ஒரு துகளின் தற்சுழற்சி புரண்டு, ஈடு குலைந்து, கரு ஓர் அலகு கோண உந்தம் பெற்ற நிலை அது. இவ்வளவு ஆற்றல் வந்தபின் கார்பன் கரு ஆல்ஃபா துகள்களாகச் சிதைந்துபோகவேண்டும். அதற்கு வேண்டிய ஆற்றல் 7.4 மி.எ.வோ.-க்கும் குறைவே. ஆனால் ஐசோஸ்பின் என்ற விதி அவ்வழியை ஏறக்குறைய அடைத்துவிடுவதால், அந்நிலை பெரும்பாலும் ஒரு காமாக் கதிரை வீசிவிட்டு அமைதி அடைகிறது. 180 பாகையில் எலக்ட்ரானை எறிந்தால் கார்பனின் நிறமாலையில் இந்த ஒரு சிகரம் தனித்து ஓங்கி நிற்கும். 1960 அளவிலேயே பார்பர் குழுவினர் இதைக் கண்டுவிட்டார்கள்.

இந்த நிலைக்கு இரு உடன்பிறப்புகள் உண்டு. போரான்-12, நைட்ரஜன்-12 ஆகிய கருக்களின் இயல்பு நிலைகள், ஒரு புரோட்டானுக்குப் பதில் நியூட்ரான் அல்லது நியூட்ரானுக்குப் பதில் புரோட்டான் என்ற மாற்றத்தைத் தவிர, அமைப்பில் இதனை ஒத்தவை. அவை இரண்டும் பீட்டாச் சிதைவுற்றுக் கார்பனாகின்றன; முன்னதன் அரை ஆயுள் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு, பின்னது அதில் ஏறக்குறைய பாதி. பீட்டாச் சிதைவை நடத்துவது வலுக்குறைந்த விசை. எலக்ட்ரான் சிதறலை நடத்துவது மின்காந்த விசை. இவ்விரண்டுக்கும் ஓர் உள்ளுறவு உண்டு என்ற அனுமானத்தின்மீது 1958-இல் மரே ஜெல்மான் ஒரு பரீட்சையை முன்வைத்தார்: கார்பனின் 15.11 நிலையின் காந்த வலிமையை அளந்தால், போரானும் நைட்ரஜனும் வீசும் பீட்டா நிறமாலைகள் ஒன்று ஒரு பக்கமும் மற்றது எதிர்ப்பக்கமுமாக எவ்வளவு சாயும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றார். இதற்கு வலுக்குறைந்த காந்தவியல் என்று பெயர். 1963-இல் கொலம்பியாவில் சியென்-ஷியுங் வூ அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் அந்தச் சாய்வை அளந்து உறுதி செய்தார்கள். இரு விசைகளும் ஒரே குடும்பம் என்று பிற்காலத்தில் நிலைபெற்ற கொள்கைக்கு, கார்பன் கருவின் ஒரு காந்தக் கிளர்ச்சி சாட்சி சொல்லியது என்பதை நான் சாமானியமான செய்தியாகக் கருதவில்லை.

இனிச் சென்னைக்கு வருவோம். அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தம் இல்லத்தின் மாடியில் இளைஞர்களைக் கூட்டி நடத்திவந்த கருத்தரங்கை, 1960 ஜனவரியில் சென்னை வந்த நீல்ஸ் போர் கண்டு பாராட்டினார். அதன் பயனாக 1962 ஜனவரி 3-ஆம் நாள் கணித அறிவியல் நிறுவனம் தோன்றியது. அந்தக் கூட்டத்தில் வளர்ந்தவர்களுள் ஒருவர் வி. தேவநாதன். ராமகிருஷ்ணனோடு மேசான் என்னும் துகள்களின் ஒளிப்பிறப்பை ஆராய்ந்து தொடங்கிய அவர், பின்பு சென்னைப் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலுக்கு ஒரு பரம்பரையையே உண்டாக்கினார். அவரும் ஆர். பார்த்தசாரதி, பி. ஆர். சுப்பிரமணியன் ஆகியோரும் 1972-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, மியூவான் என்னும் துகளைக் கரு கவர்ந்துகொள்ளும்போது பின்னுதையுறும் கருவின் தற்சுழற்சி எத்திசையில் எவ்வளவு சாய்ந்திருக்கும் என்பதைப் பற்றியது. கார்பன்-12 ஒரு மியூவானைக் கவர்ந்தால் உண்டாவது எது? போரான்-12, அதாவது, நாம் இதுவரை பேசிவந்த மூவரில் ஒருவர்.

இங்கேதான் எலக்ட்ரான் சிதறலின் உபகாரம் விளங்குகிறது. மியூவான் கவர்வில் நாம் அறிய விரும்புவது வலுக்குறைந்த விசையின் ஓர் எண். ஆனால் அளவீட்டில் அந்த எண்ணோடு கருவின் அமைப்பும் பின்னிக்கிடக்கிறது. கருவின் அமைப்பை வேறொரு வழியாக நிர்ணயம் செய்துகொண்டாலன்றிப் பின்னலை அவிழ்க்க முடியாது. மியூவான் கவரப்படும்போது கருவுக்குக் கிடைக்கும் உந்தமும், நடுத்தர ஆற்றலுள்ள எலக்ட்ரான் பின்னோக்கித் திரும்பும்போது கொடுக்கும் உந்தமும் ஒரே அளவில் அமைகின்றன. ஆகவே 15.11 நிலையின் காந்த உருவக் காரணி மியூவான் கணக்குக்கு ஆதாரமாகிறது. நம் நாட்டில் இதற்கான எலக்ட்ரான் கற்றை அன்று இல்லை. இந்தூரில் பின்னால் அமைந்த இண்டஸ்-1, இண்டஸ்-2 ஆகிய எலக்ட்ரான் வளையங்கள் அவை உமிழும் ஒளிக்காகவே கட்டப்பட்டவை. எனினும் அயல்நாட்டு ஆய்வுக்கூடங்களின் எண்கள் அச்சில் வந்தால், அவற்றைக் கொண்டு காகிதமும் பேனாவுமாக மூலத்தைத் தொட முடியும் என்பதைச் சென்னையினர் காட்டினார்கள். பணமில்லாத இடத்தில் பௌதிகம் இல்லை என்று சொல்வோருக்கு இதைவிட நான் வேறு பதில் சொல்வதில்லை.

5. அடுத்தது டியூட்ரான். ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டுமே சேர்ந்த, இயற்கையில் மிக எளிய கூட்டுக் கரு அது.

கூட்டல் கணக்கு எங்கேனும் பலிக்குமாயின் இங்கே பலிக்கவேண்டும். மெதுவாகச் செல்லும் நியூட்ரானைப் புரோட்டான் கவர்ந்து டியூட்ரானாகும் நிகழ்ச்சி முற்றிலும் காந்தவகைப்பட்டது. அது நிகழும் வாய்ப்பைக் குறிக்கும் குறுக்குவெட்டின் அளவீடு 334 மில்லிபார்ன். இரு துகள்களின் காந்தங்களையும் கூட்டிச் செய்த கணக்கு ஏறத்தாழ 302. பத்தில் ஒரு பங்கு குறைகிறது. துகள்களை இணைக்கும் விசை, அவற்றிடையே பையான் என்னும் மேசான் போய்வருவதால் உண்டாகிறது என்று யுகாவா 1935-இல் சொன்னார். அந்தப் பையானுக்கு மின்னூட்டம் இருக்குமானால் அது போய்வருவதே ஒரு மின்னோட்டம். மின்னோட்டம் உண்டென்றால் காந்தமும் உண்டு. இதைச் சேர்த்துக்கொண்டால் குறை தீர்கிறது என்று 1972-இல் ரிஸ்காவும் பிரவுனும் காட்டினார்கள்.

பத்து சதவீதம் என்பதைக் கணக்கின் பிசகு என்று ஒதுக்கிவிடும் பிடிவாதக்காரர்கள் எக்காலத்திலும் உண்டு. அவர்களுக்கு எலக்ட்ரான் பதில் சொல்லிற்று. 180 பாகைக்கு அருகே எலக்ட்ரானைத் திருப்பி, டியூட்ரானை மட்டாக உடைத்து, உந்த மாற்றத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஓரிடத்தில் சிதறல் ஏறக்குறைய இல்லாமலே போகவேண்டும் என்கிறது கூட்டல் கணக்கு. அங்கே கணக்கின் இரு பகுதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 1980-களில் சாக்லேயில் அளந்தபோது அப்படி ஒரு பள்ளமே தென்படவில்லை. பள்ளம் விழவேண்டிய இடத்தை நிரப்பியது பையான்களின் மின்னோட்டம். பத்தில் ஒரு பங்காக ஒளிந்திருந்தது அவ்விடத்தில் முழுப்பங்காகவே நின்றது. மேசான்களின் போக்குவரத்துக்கு இதற்கு நிகரான பிரத்தியட்சப் பிரமாணம் எனக்குத் தெரிந்து வேறில்லை. என் கூற்றின் ஒரு பாதி இதனாலேயே நிலைபெறுகிறது.

6. ஒரு சிறு கிளைவழி. 1984-இல் டார்ம்ஸ்டாட்டில் அக்கிம் ரிக்டர் குழுவினர், முட்டை வடிவமான கடோலினியம்-156 கருவில், சுமார் 3 மி.எ.வோ. ஆற்றலில் புதியதொரு காந்தக் கிளர்ச்சியைக் கண்டார்கள். புரோட்டான்களின் கூட்டம் முழுவதும் ஒரு பக்கமாகவும் நியூட்ரான்களின் கூட்டம் முழுவதும் எதிர்ப்பக்கமாகவும் சாய்ந்து ஆடுவதால் உண்டாவது அது. கத்தரி நிலை என்று அதற்குப் பெயரிட்டார்கள். இத்தாலியரான லோ யூடிசேயும் பலும்போவும் 1978-இலேயே இதனை எதிர்பார்த்திருந்தார்கள். தற்சுழற்சியைப் புரட்டுவதில் வல்ல புரோட்டான் கற்றைக்கு இந்நிலை பெரிதும் அகப்படவில்லை, எலக்ட்ரானுக்கு அகப்பட்டது. ஆகவே இது தற்சுழற்சிக் காந்தமன்று, ஓட்டத்தால் எழும் காந்தம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

7. கடைசியாகக் குறைவின் கதை. இதுவே இன்றும் தீராத வழக்கு.

ஈயம்-208 கருவில் 6.74 மி.எ.வோ. ஆற்றலில் ஒரு நிலை இருக்கிறது. அதன் கோண உந்தம் 14. ஒரு நியூட்ரான், துகள்கள் அடுக்கடுக்காக அமையும் ஓடுகளில் ஒன்றிலிருந்து எழும்பி அடுத்த ஓட்டுக்குப் போய், தன் கோண உந்தத்தையும் தான் விட்டுப்போன துளையின் கோண உந்தத்தையும் ஒரே திசையில் நிறுத்தினால்தான் 14 என்ற அந்த உச்சத்தை எட்டும். அந்த ஆற்றலில் அதற்கு வேறு எளிய வழி இல்லை. ஆகவே அமைப்பைப் பற்றிய சந்தேகத்துக்கு அதிக இடம் கிடையாது. இருந்தும் 1970-களின் இறுதியில் பேட்ஸ் முடுக்கியில் பெற்ற அளவீடு, எளிய கணக்கில் ஏறத்தாழ பாதியைத்தான் தந்தது.

மற்றொன்று கால்சியம்-48. இதில் இருபது புரோட்டான்கள், இருபத்தெட்டு நியூட்ரான்கள். புரோட்டான்கள் நிறைந்த ஓடுகளில் அடங்கிவிட்டமையால் அவை தற்சுழற்சியைப் புரட்ட வழியில்லை. வெளி ஓட்டில் உள்ள எட்டு நியூட்ரான்களில் ஒன்றுக்கு மட்டுமே அந்தச் சுதந்திரம் உண்டு. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாமையால் ஓட்டக் காந்தமும் இல்லை. இதைவிடச் சுத்தமான ஒரு தற்சுழற்சிக் கிளர்ச்சியை இயற்கையே நமக்காக அமைத்துத் தந்திருக்க முடியாது. 1980-இல் டார்ம்ஸ்டாட்டில் பின்கோணங்களில் எலக்ட்ரானைச் சிதறவிட்டபோது, 10.23 மி.எ.வோ. ஆற்றலில் அது ஒற்றைச் சிகரமாக எழுந்தது. காகிதக் கணக்குப்படி அதன் வலிமை, அணுக்கரு மேக்னெட்டானின் இருபடி அலகில், 12. அளந்து கிடைத்தது 3.9. மூன்றில் ஒரு பங்கு!

எஞ்சிய இரண்டு பங்கு எங்கே போயிற்று என்பதில் இரு கட்சிகள் எழுந்தன. துகள்கள் தமக்குள் மோதிக்கொள்வதால் வலிமை மேலான ஆற்றல்களுக்குச் சிதறிப்போய்விட்டது, தேடினால் கிடைக்கும் என்றது ஒரு கட்சி. புரோட்டானோ நியூட்ரானோ கருவுக்குள் இருக்கையில் தன் உள்ளமைப்பே கிளர்ந்து டெல்டா என்னும் வேறு துகளாக மாறவும் இடமிருப்பதால், வலிமையின் ஒரு பகுதி 300 மி.எ.வோ. உயரத்துக்கே ஏறிவிட்டது என்றது மறு கட்சி. பின்னதில் ஒரு கவர்ச்சி இருந்தது. 1980-களில் இளைஞர்கள் பலர் அதன்பால் ஈர்க்கப்பட்டார்கள். ஆனால் இதற்கு இணையான பீட்டாவகை வலிமையை 1990-களில் ஜப்பானியர் உயர்ந்த ஆற்றல்வரை தேடிப் பார்த்தபோது, பெரும்பகுதி அங்கேயே சிதறிக் கிடந்தது; டெல்டாவின் பங்கு சொற்பமே என்று ஏற்பட்டது. பீட்டாச் சிதைவில் காணப்படும் குறைவு, துகள்களின் நெருங்கிய பிணைப்பாலும் இருவராகச் சேர்ந்து நடத்தும் மின்னோட்டத்தை ஒத்த விளைவாலும் வருவது என்று 2019-இல் முதல் தத்துவங்களிலிருந்தே கணக்கிட்டுக் காட்டினார்கள்.

வழக்கு அத்துடன் முடிந்தது என்று எண்ணியிருந்தவர்களுக்கு, அதே கால்சியம்-48 மீண்டும் தலைவலி தந்தது. 2011-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஃபோட்டானைக் கொண்டு அந்நிலையைக் கிளறி, அது வெளிவிடும் நியூட்ரான்களை எண்ணியவர்கள், வலிமை 3.9 அன்று, 6.8 என்றார்கள். 2016-இல் ஜப்பானில் பெற்ற புரோட்டான் சிதறல் அளவீடுகளை அலசியவர்கள், பழைய எலக்ட்ரான் மதிப்பே சரி என்னும்படியான விடை கண்டார்கள். 2024-இல் வெளிவந்த முதல் தத்துவக் கணக்கோ ஏழுக்கும் பத்துக்கும் இடையே என்று சொல்லி, ஃபோட்டான் கட்சிக்குச் சாதகமாகப் போயிற்று. இருவர் மின்னோட்டங்களைச் சேர்த்தும் அம்மதிப்பு நான்குக்கு இறங்கவில்லை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால் சொல்கிறேன். எந்தக் கட்சி வென்றாலும் காகிதக் கணக்கின் 12 தோற்றதுதான். டியூட்ரானும் ஈயமும் சொன்ன சாட்சியம் அப்படியே நிற்கிறது. ஆனால் குறைவு மூன்றில் இரண்டு பங்கா, ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேலா என்பது அற்ப விஷயமன்று. விண்மீன்கள் குலையும்போது நியூட்ரினோ என்னும் துகள்கள் கருக்களை எவ்வளவு கிளறும் என்ற கணக்கும் இதே வலிமையை நம்பியிருக்கிறது. எலக்ட்ரான் அளவீட்டை எளிதில் கைவிட எனக்கு மனம் வரவில்லை. அதன் பலவீனம் ஒன்றே ஒன்றுதான் என்று கருதுகிறேன்: எலக்ட்ரான் உண்மையில் அளப்பது உந்த மாற்றம் பெரிதாக உள்ள இடங்களில், ஃபோட்டானோடு ஒப்பிட வேண்டிய எண்ணோ உந்த மாற்றம் மிகச் சிறியதான இடத்தில் இருக்கிறது, இடைவெளியை உருவக் காரணியின் வடிவத்தைப் பற்றிய ஓர் அனுமானத்தால் கடக்கவேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியைச் சுருக்க, மிகக் குறைந்த உந்த மாற்றத்தில், சரியாக 180 பாகையிலேயே, இக்கருவை மறுபடியும் அளந்து பார்க்கவேண்டும். டார்ம்ஸ்டாட்டில் அதற்கான முடுக்கியும் காந்த அமைப்பும் உண்டு. இலக்குதான் அருமையானது, இயற்கையில் கிடைக்கும் கால்சியத்தில் கால்சியம்-48 என்பது 0.2 சதவீதத்துக்கும் குறைவு, பிரித்தெடுக்கும் செலவோ மிகப் பெரிது. அளவீடு வெளிவரும்வரை இங்கிருந்தே செய்யக்கூடியது, அந்த உருவக் காரணியின் வடிவம் இரு கட்சிகளின் கணக்கிலும் எந்த உந்த மாற்றத்தில் பிரிகிறது என்று கணித்து வைப்பது. அதற்கு வேண்டிய கோண உந்தக் கணிதத்தைத் தேவநாதன் 1999-இல் நூலாகவே எழுதிக் கொடுத்திருக்கிறார்.